நீலத்திரை நிவாரண உயர்மட்டக் குழு

உலகத்தில் நீலமாக இருப்பவற்றுள் வணங்கத்தக்கவை மூன்று: வானம், கடல், எங்கள் திருமணப் பதிவு அலுவலகத்துக் கணினியின் திரை. முதலிரண்டும் பிறவியிலேயே நீலம். அதில் அவற்றுக்குப் பெருமை ஒன்றுமில்லை. மூன்றாவதோ, ஓர் அலுவலகமே ஒன்றுகூடி உழைத்ததால் நீலமானது. அந்த உழைப்பை முன்னின்று நடத்தியவர் எங்கள் பதிவாளர். அவருக்குக் கீழே தலைமை எழுத்தராக இருக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. யார் செய்த புண்ணியமோ தெரியவில்லை. நான் செய்ததாக நினைவில்லை.

பதிவாளர் கொள்கைப் பிடிப்பு மிக்கவர். எந்த முடிவும் எடுப்பதில்லை என்று பதவியேற்ற அன்று முடிவெடுத்தார். அந்த முடிவிலிருந்து இன்றுவரை அவர் பிறழ்ந்ததில்லை. கணினியைத் தன் மேசைமேலேயே வைத்திருந்தார். ஊழியர்களின் மேசையில் வைத்தால் அவர்கள் அதில் வேலை செய்துவிடக்கூடும் என்ற முன்னெச்சரிக்கை.

கணினியை இயக்குபவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். நாங்கள் அழைப்பது 'ரீஸ்டார்ட்'. நாற்பதைத் தாண்டியவன், வாழ்க்கையின் எல்லாச் சிக்கல்களுக்கும் அவனிடம் ஒரே மருந்துதான். செல்போன் மக்கர் பண்ணுகிறதா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லையா? கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிடு. அவன் வீட்டில் இந்த மருந்தின் இரண்டாம் பகுதி மட்டும் எப்போதும் விட்டுப்போய்விடும்.

இப்படியாக நாங்கள் நாட்டுக்குத் தொண்டாற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், மணமக்கள் இருவர் வந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. மணமகளின் தங்கையும் தங்கையின் கணவரும் சாட்சிகளாக வந்திருந்தார்கள். தங்கை கணவர் வந்தவுடன் பெஞ்சின் ஓரத்தில் சாய்ந்து தூங்கத் தொடங்கினார். அலுவலகத்தின் சூழலை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

பெஞ்சில் இடமில்லை. மணமகள் ஒரு குரல் கொடுத்தார்.

"உள்ள தள்ளி உட்காருங்க, உள்ள இடமிருக்கு, வழிய மறிக்காதீங்க!"

பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தள்ளினார்கள். பதிவாளரே தன் நாற்காலியில் லேசாக நகர்ந்தார். அந்த அம்மாள் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மணமகன் அதே பேருந்தின் ஓட்டுநர். பணிக்காலம் முழுக்க இவர் விசில் கொடுப்பார், அவர் வண்டியை எடுப்பார். ஓய்வுக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்து அறைகள், பொதுவாக ஓர் அடுப்பு. தெருவில் யாரும் அவர்களை ஒன்றும் கேட்டதில்லை. மரியாதையால் அல்ல, எல்லாம் தெரிந்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

"இத்தன வருஷம் இல்லாம இப்ப என்னம்மா திடீர்னு கல்யாணம்?" என்று கேட்டேன். விண்ணப்பத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. இருந்தாலும் தலைமை எழுத்தர் என்ற முறையில் ஊர்வம்பில் எனக்குக் கடமை உண்டு.

"இவருக்கு இருதயத்துல ஆபரேஷன் சார். ஆஸ்பத்திரியில நீங்க இவருக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. எல்லாமேன்னு சொன்னேன். அப்படி ஒரு உறவு அவங்க கம்ப்யூட்டர்ல இல்லையாம்."

"வேற என்னென்ன இருக்காம்?"

"மனைவி, மகன், மகள், மற்றவை. 'மற்றவை' கையெழுத்துப் போட்டா கத்தி வைக்க மாட்டாங்களாம். மகன் இருக்கான் சார், கண்காணாத தேசத்துல. போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கத்தான் ஆள் இல்ல. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சேர்க்கலேன்னா அந்தக் கட்டில் வேற ஆளுக்குப் போயிடும்."

ஓட்டுநர் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே மூச்சு வாங்கினார். "ஒண்ணுமில்ல சார். இஞ்சின்ல அடைப்பு. மேட்டுல வண்டி இழுக்க மாட்டேங்குது."

"பேசாதீங்க டிரைவர்" என்றார் மணமகள்.

"சரிங்க கண்டக்டரம்மா" என்றார் மணமகன்.

இதைவிட முறையான திருமண உறுதிமொழியை எங்கள் அலுவலகம் கேட்டதில்லை. ஆனால் சட்டம் அதை ஏற்காது. கட்டைவிரல் வேண்டும்.

பதிவாளர் எழுந்து நின்று, இல்லறத்தின் மாண்பு பற்றிச் சிற்றுரை ஆற்றினார். முடித்துவிட்டு ரீஸ்டார்ட்டுக்குத் தலையசைத்தார். ஓட்டுநர் ரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தார். 'மணமகன் பதிவு வெற்றி' என்று திரை சொன்னது. அடுத்து மணமகள் கையை நீட்டினார். பேசிய களைப்பில் பதிவாளருக்கு வியர்த்திருந்தது. ஆகவே அவர் தன் மேசை விசிறியின் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

அந்த விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. சாண் உயரம். அவருடைய மைத்துனர் அன்பளிப்பாகக் கொடுத்தது. கணினியின் விலாவில் வால் செருகினால் சுற்றும். ஏழை எளியவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே உள்ள பெரிய விசிறி பல காலமாகச் சுற்றுவதில்லை. அதைப் பழுதுபார்க்கச் சொல்லி மேலிடத்தைத் தொல்லை செய்யாமல், தனக்கு மட்டும் ஒன்று வைத்துக்கொண்ட எளிமை எங்கள் பதிவாளருடையது.

விசிறி 'உர்'ரென்றது. திரை நீலமானது.

வெறும் நீலமல்ல. நடுவில் ஒரு முகம். வாய் கீழ்நோக்கிக் கோணிய, துக்கம் விசாரிக்க வந்த முகம். கீழே வாசகம்: 'உங்கள் சாதனத்தில் ஒரு சிக்கல் ஏற்பட்டுள்ளது. தகவல்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து காத்திருக்கவும்.'

பதிவாளர் மெய்சிலிர்த்தார். "இது நம்ம ஆபீஸ் பாஷையாச்சேய்யா! நாமதானே எல்லாருக்கும் இப்படிப் பதில் எழுதறோம்? இதுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"கூடவே இருக்குதுல்ல சார்" என்றேன்.

அவருக்கு மகிழ்ச்சி. அடுத்த கணமே முகத்தைச் சுளித்தார். "அது சரி, என்னைப் பார்த்து ஏன் மூஞ்சியத் தூக்குது?"

"அது அப்படித்தான் சார் வரும்" என்றான் ரீஸ்டார்ட்.

"அப்படித்தான் வரும்னு விட்டுட்டா ஒழுங்குன்னு ஒண்ணு எதுக்கு? இன்னிக்கு இது மூஞ்சியத் தூக்கும், நாளைக்கு நீ தூக்குவே."

மணமகள் நீட்டிய கட்டைவிரலை இன்னும் மடக்கவில்லை. "சார், எங்க கல்யாணம் என்னாச்சு?"

பதிவாளர் சட்டநூல் அறிந்தவர், நிதானமாக விளக்கினார். "அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. உங்களுக்கு இன்னும் ஆகலம்மா."

"அப்ப அவர் யாரக் கட்டியிருக்காரு?"

"அது நிலுவையில இருக்கு."

"அத்தான், வாழ்த்துகள்!" என்றார் மணமகளின் தங்கை, என்ன சொல்வதென்று தெரியாமல்.

"அவசரப்படாதீங்கம்மா" என்று பதிவாளர் கையமர்த்தினார். "அவர் இன்னும் உங்களுக்கு அத்தான் ஆகல. யாரோ ஒருத்தருக்குத்தான் ஆகியிருக்காரு."

ரீஸ்டார்ட் தன் திருப்பணியைத் தொடங்கினான். ஆஃப் செய்தான். கணினி உறங்கிற்று, விசிறியும் நின்றது. ஆன் செய்தான். திரை வழக்கம்போல் மலர்ந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். "காத்தே இல்லையே" என்றபடி பதிவாளர் விசிறியைத் தட்டினார். நீலம். மறுபடி ஆஃப், மறுபடி ஆன், மலர்ச்சி, "என்ன புழுக்கம்யா", தட்டல், நீலம். சூரியன் உதிப்பதும் மறைவதும்போல ஓர் ஒழுங்கு அதில் இருந்தது. அந்த ஒழுங்கை நான் கவனித்தேன். ரீஸ்டார்ட் கவனித்தான். பெஞ்சில் இருந்த ஒரு கைக்குழந்தைகூட விசிறி சுற்றும்போதெல்லாம் திரையைப் பார்த்துச் சிரித்தது.

பொறுப்புள்ள ஊழியன் என்ற முறையில் நான் வாய் திறந்தேன்.

"சார், அந்த விசிறி..."

பதிவாளர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் அடுத்த பதவி உயர்வு கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தது.

"...ரொம்ப லட்சணமா இருக்கு சார்."

"மைத்துனர் குடுத்தது" என்றார் அவர், கனிவாக.

நிலைமை கைமீறியதால் 'நீலத்திரை நிவாரண உயர்மட்டக் குழு' அங்கேயே அமைக்கப்பட்டது. தலைவர், பதிவாளர். செயலர், அடியேன். தொழில்நுட்ப உறுப்பினர், ரீஸ்டார்ட். பொதுமக்கள் பிரதிநிதியாக, தூங்கிக்கொண்டிருந்த தங்கை கணவர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எங்கள் குழுக்களில் பொதுமக்கள் பிரதிநிதி விழித்திருக்கும் வழக்கம் இல்லை.

முதற்பொருளாக, திரையின் நிறம் நீலமா, கருநீலமா என்று விவாதிக்கப்பட்டது. கருநீலம் என்றால் வேறு துறைக்கு அனுப்பிவிடலாம் என்று பதிவாளருக்கு ஒரு நப்பாசை. இரண்டாம் பொருளாக, இது கணினியின் குற்றமா, மணமக்களின் குற்றமா என்பது.

"இவங்க வர்ற வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் பதிவாளர்.

"நேத்தும் நீலமாச்சு சார். முந்தாநாளும் ஆச்சு" என்றான் ரீஸ்டார்ட்.

"நேத்தும் யாரோ கல்யாணம் பண்ணிக்கத்தானே வந்தாங்க? பார்த்தியா, அதே கோளாறு!"

வாதம் அசைக்க முடியாததாக இருந்தது. அப்படியே குறித்துக்கொண்டேன்.

மூன்றாவதாக, கணினிக்காரர்களின் உதவி மையத்துக்குத் தொலைபேசியில் பேசுவது என்று தீர்மானமாயிற்று. முதலில் ஒரு பதிவுக்குரல், எங்கள் பிரச்சினை அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லிவிட்டு, அதை மறக்க இசை வாசித்தது. நெடுநேரம் கழித்து ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

ரீஸ்டார்ட்டின் கண்கள் பனித்தன. உலகத்தில் அவனைப் புரிந்துகொண்ட இன்னோர் உயிர்!

"பண்ணோம்மா" என்றார் பதிவாளர், ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு.

"புதுசா ஏதாச்சும் கம்ப்யூட்டர்ல செருகியிருக்கீங்களா சார்?"

"புதுசா ஒண்ணும் செய்யற பழக்கம் இந்த ஆபீஸ்ல கிடையாது."

"அப்ப 'உர்'ருன்னு ஒரு சத்தம் கேட்குதே சார், அது என்ன?"

"அது நிர்வாகம்."

"சரி சார். வெளியிலிருந்து செருகியிருக்கற சாதனங்கள் எல்லாத்தையும் கழட்டிடுங்க. ஒண்ணு விடாம."

ரீஸ்டார்ட் மேசைக்கடியில் தவழ்ந்தான். அச்சு இயந்திரத்தைக் கழற்றினான். ரேகைக் கருவியைக் கழற்றினான். மவுஸ், விசைப்பலகை எல்லாவற்றையும் கழற்றினான். கடைசியில் அவன் கை விசிறியின் வாலருகே போய் நின்றது. மேசைக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பதிவாளரைப் பார்த்தான்.

"அத ஏன் தொடறே? வெளிச்சாதனத்தைத்தானே கழட்டச் சொன்னாங்க? இது உள்சாதனம். எனக்குள்ளது."

கை பின்வாங்கியது.

"கழட்டியாச்சாங்க சார்?" என்றது தொலைபேசி.

"மொத்தமும் கழட்டியாச்சு."

"ஆன் பண்ணி, கீபோர்டுல நான் சொல்ற பட்டனை அழுத்துங்க."

"கீபோர்டையும் கழட்டிட்டோமேம்மா!"

மறுமுனையில் அவள் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு அவள், இந்த உரையாடல் தங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா என்று கேட்டாள். மிகவும் பயனுள்ளதாக இருந்ததென்று பதிவாளர் சொல்ல, இருதரப்பும் மனநிறைவோடு விடைபெற்றோம். கழற்றியவற்றையெல்லாம் ரீஸ்டார்ட் மீண்டும் செருகினான். மதிய உணவுக்காகக் குழு கலைந்தது.

உணவு முடிந்து நாங்கள் ஏப்பத்தோடு திரும்பியபோது மணமக்கள் அதே இடத்தில் இருந்தார்கள். ஓட்டுநரின் முகம் வெளுத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மணமகள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரீஸ்டார்ட் ஆன் செய்தான், பதிவாளர் விசிறியைத் தட்டினார், திரை நீலமானது. இனி இதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"ஒண்ணு பண்ணுங்கம்மா" என்றார் பதிவாளர், பெருந்தன்மையோடு. "நாளைக்கு வாங்க. உங்க பாதிக் கல்யாணத்த நாங்க பத்திரமா வெச்சிருக்கோம்."

ஓட்டுநர் மெல்ல எழ முயன்றார். "வாங்க கண்டக்டரம்மா. நாளைக்கு வந்துக்கலாம்."

"நாளைக்கு நீங்க இருப்பீங்களா டிரைவர்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். காலையில் பெஞ்சையே நகர்த்திய குரல் அது. இப்போது எதிரே இருந்தவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோல இருந்தது. துரதிர்ஷ்டவசமாக எனக்கும் கேட்டது. எதையாவது எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எழ முயன்ற ஓட்டுநர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"அக்கா! அத்தானுக்கு மூச்சு முட்டுது, காத்து வேணும்!" என்று தங்கை அலறினார்.

மணமகள் சுற்றுமுற்றும் பார்த்தார். மேலே, சுற்றாத பெரிய விசிறி. எதிரே, சுற்றுகிற சின்ன விசிறி. இரண்டே எட்டில் பதிவாளர் மேசைக்குப் போனார், வாலைப் பிடுங்கினார். தங்கையின் கைப்பையில் செல்போனுக்கு உயிர் ஏற்றும் பேட்டரி ஒன்று இருந்தது. அதில் செருகி, விசிறியை ஓட்டுநரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அலுவலகமே உறைந்து நின்றது. எங்கள் வரலாற்றில் ஒரு பொதுஜனம் மேசையின் அந்தப் பக்கத்துக்கு வந்ததே இல்லை.

"என்னோட விசிறி!" என்றார் பதிவாளர். அவர் அன்று எடுத்த ஒரே தெளிவான நிலைப்பாடு.

"சார்! வந்துடுச்சு சார்!" என்றான் ரீஸ்டார்ட்.

அவன் இயல்பாகவே ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்திருந்தான். திரை மலர்ந்தது. மலர்ந்தபடியே நின்றது. வாடவில்லை. 'மணமகள் கட்டைவிரலை வைக்கவும்' என்றது.

ஓட்டுநர் கண்ணைத் திறந்தார். காற்று பட்டதில் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. மணமகள் விசிறியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு மேசைக்கு வந்து விரலை வைத்தார். 'பதிவு வெற்றி.'

"அம்மா, அந்த விசிறிய..." என்று பதிவாளர் கையை நீட்டினார். கழுத்தில் வியர்வை ஆறாக ஓடியது.

"முதல்ல சான்றிதழ். அப்புறம் விசிறி."

"அதுக்கு நடைமுறைன்னு ஒண்ணு..."

"டிக்கெட் குடுக்காம காச வாங்கிக்கிட்டு இறக்கி விடற ஆள் நான் இல்ல சார். நீங்களும் அப்படிச் செய்யாதீங்க. அச்சடிங்க!"

அச்சு இயந்திரம் அந்த அதட்டலிலேயே பயந்து கக்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். மை உலரும் முன்பே பதிவாளர் கையெழுத்திட்டார். வழக்கமாக ஒரு கையெழுத்துக்கு அவர் ஒரு வாரம் யோசிப்பார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை தாளில் விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் ஓர் அதிகாரி வியர்வை சிந்தி வழங்கிய ஒரே சான்றிதழ் அதுதான்.

மணமகள் தாளை மடித்து இடுப்பில் செருகினார். ஓட்டுநரை ஒருபக்கம் அவரும் மறுபக்கம் அப்போதுதான் விழித்துக்கொண்ட தங்கை கணவரும் தாங்கிக்கொண்டார்கள். தங்கை விசிறியை ஏந்தியபடி முன்னே நடந்தார்.

"அம்மா! விசிறி!" என்று பதிவாளர் கூவினார். "எப்ப குடுப்பீங்க?"

மணமகள் வாசலில் திரும்பினார். "பரிசீலனையில இருக்கு சார்."

பிறகு இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து ஒரு விசில் கொடுத்தார். ஓட்டுநர் அந்த நிலையிலும் சிரித்துக்கொண்டு அடுத்த அடி எடுத்து வைத்தார்.

கட்டில் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் 'என்ன வேணும்' என்று மறுபடி கேட்டபோது, "மனைவி!" என்று அந்த அம்மாள் சொன்ன சத்தத்தில், கூடத்தில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் தங்கள் நிறுத்தம் வந்துவிட்டதாக எழுந்து நின்றார்களாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில வாரங்கள் கழித்து இருவரும் வந்து விசிறியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓட்டுநர் எங்கள் படிக்கட்டைத் தானே ஏறி வந்தார். மேட்டில் வண்டி இழுத்தது.

அந்தச் சில வாரங்களும் எங்கள் கணினி ஒருமுறைகூட நீலமாகவில்லை. உயர்மட்டக் குழுவின் அயராத முயற்சியே இதற்குக் காரணம் என்று பதிவாளர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மேலிடம் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. அதை அவர் வாங்கிய அதே நாளில்தான் விசிறி திரும்பி வந்தது. மகிழ்ச்சியில் வியர்த்தது. தட்டினார்.

நீலம் திரும்பியதில் பதிவாளருக்கு வருத்தமில்லை. அந்தத் துக்க முகம்தான் உறுத்தியது. மக்கள் பார்த்தால் அலுவலகத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? குழு மீண்டும் கூடியது. இம்முறை நிரந்தரத் தீர்வு கண்டோம். திரையின் அளவுக்கே பதிவாளரின் புகைப்படம் ஒன்று, கைகூப்பிப் புன்னகைக்கும் கோலத்தில், சட்டம் போட்டு வாங்கப்பட்டது. நீலம் வந்த மறுகணம் ரீஸ்டார்ட் அதைத் திரையின்மேல் மாட்டிவிடுவான். துக்க முகம் மறைந்து, சிரித்த முகம் தெரியும்.

திட்டம் மாபெரும் வெற்றி. இப்போதெல்லாம் பொதுமக்கள் உள்ளே வந்து காத்திருப்பதில்லை. வாசலிலிருந்தே எட்டிப் பார்க்கிறார்கள். பதிவாளரின் முகம் தெரிந்தால் இன்று வேலை நடக்காது என்று புரிந்துகொண்டு, வீடு திரும்பிவிடுகிறார்கள். இத்தனை ஆண்டுகளாக ஊழியர்களாகிய எங்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த ஓர் உண்மை இது. அதை மக்களிடம் கொண்டு சேர்த்த பெருமை முழுவதும் எங்கள் கணினியையே சேரும்.